மண் பூஞ்சைகளின் மரபுப் பன்மை: தட்டில் வளர்ப்பதா, மண்ணிலேயே படிப்பதா, முழு ஜீனோமா?

"மாறுபட்ட இயற்கைச் சூழல்களில் மண் பூஞ்சைகளின் மரபுப் பன்மை" என்று ஆய்வுத் தலைப்பு எழுதுவது எளிது. அடுத்து எடுக்க வேண்டிய முடிவுதான் கடினம். மண்ணைக் கரைத்து, ஊட்டக் கூழ் உள்ள ஆய்வகத் தட்டில் ஊற்றி, முளைக்கும் பூஞ்சைகளைத் தனித்தனியாகப் பிரித்து ஆராய்வதா? மண்ணிலிருந்து நேராக டிஎன்ஏ எடுத்து, அதில் எந்தெந்தச் சிற்றினங்கள் இருக்கின்றன என்று கண்டறியும் மெட்டாபார்கோடிங் செய்வதா? ஒரே ஒரு சிற்றினத்தை எடுத்துக்கொண்டு அதன் முழு ஜீனோம்களை, அதாவது ஒவ்வொரு தனியனின் மொத்த டிஎன்ஏ வரிசையையும், படிப்பதா? ஒன்றில் இறங்கிவிட்டால் நேரமும் பணமும் அதிலேயே போய்விடும். பாதியில் மாறுவது ரொம்பச் சிரமம். முதுகலை ஆய்வேடு, முனைவர் பட்டம், சிறு ஆய்வுத் திட்டம் என்று எதைத் தொடங்குபவர்களுக்கும் இந்த ஒப்பீடு உதவ வேண்டும் என்பது என் விருப்பம்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூழல் ஒரு பூஞ்சையின் மரபில் என்ன செய்திருக்கிறது என்பது உங்கள் கேள்வியானால், உயிருள்ள வளர்ப்புகள் கையில் இல்லாமல் அதற்கு முழுப் பதில் கிடைக்காது. இன்று பலரும் நேராக மெட்டாபார்கோடிங்குக்குப் போகிறார்கள். அது அருமையான கருவிதான். ஆனால் அது பதில் சொல்லும் கேள்வியே வேறு.

மரபுப் பன்மை என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒரு பிடி மண்ணில் எத்தனை சிற்றினங்கள் இருக்கின்றன என்பது ஒன்று. ஒரே சிற்றினத்தைச் சேர்ந்த தனியன்கள் தங்களுக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது மற்றொன்று. முதலாவது சமுதாயப் பன்மை, இரண்டாவதுதான் சரியான பொருளில் மரபுப் பன்மை. இயற்கைத் தேர்வு வேலை செய்வது இரண்டாவதன் மேல். ஆய்வுத் திட்டங்களில் தலைப்பு இரண்டாவதைப் பற்றியும், முறை முதலாவதைப் பற்றியும் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பிறகு எவ்வளவு உழைத்தாலும் அந்த இடைவெளி மூடுவதில்லை.

எதிரெதிர் சரிவுகள்

முறையைப் பேசும் முன் இடத்தைப் பேச வேண்டும். இந்தத் துறையில் அதிகம் ஆராயப்பட்ட இடங்களில் ஒன்று இஸ்ரேலின் கார்மேல் மலையில், ஹைஃபா நகருக்கு அருகிலுள்ள நஹால் ஓரன் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி. ஹைஃபா பல்கலைக்கழகத்தின் எவியதார் நேவோ அதற்குப் 'பரிணாமப் பள்ளத்தாக்கு' என்று பெயர் வைத்தார். தெற்கு நோக்கிய சரிவில் வெயில் பல மடங்கு அதிகம். அங்கே ஆப்பிரிக்கச் சவன்னாவை நினைவுபடுத்தும் வறண்ட புல்லும் மரங்களும் இருக்கின்றன. எதிரே வடக்கு நோக்கிய சரிவில் நிழல், ஈரம், அடர்ந்த பசுமை. இரண்டுக்கும் அடிப்படைப் பாறை ஒன்றே, பெய்யும் மழையும் ஒன்றே. இடைவெளி அடிவாரத்தில் சுமார் 100 மீட்டர், மேலே சுமார் 400 மீட்டர்.

பூஞ்சையின் வித்து காற்றில் இந்தத் தூரத்தைச் சாதாரணமாகக் கடந்துவிடும். அப்படியானால் இரு சரிவுகளின் பூஞ்சைகளும் கலந்து ஒன்றாகிவிட வேண்டும். கலந்தும் வேறுபாடு நிலைத்திருக்கிறதென்றால், சூழல் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கிறது என்று சொல்ல வலுவான காரணம் கிடைக்கிறது. இதனால்தான் அருகருகே இருக்கும் மாறுபட்ட சூழல்கள் எனக்குப் பிடிக்கும். கொடைக்கானல் மண்ணையும் தேரிக்காட்டின் செம்மணலையும் ஒப்பிட்டால் வேறுபாடு நிச்சயம் வரும். ஆனால் அது வெப்பத்தாலா, மண்ணின் தன்மையாலா, வெறும் தொலைவாலா என்று பிரித்துச் சொல்ல வழி இருக்காது.

அங்கே கிடைத்த முடிவுகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். சோர்டேரியா ஃபிமிகோலாவை முதுகலை மரபியல் செய்முறையில் பலர் பார்த்திருப்பீர்கள். வித்துப் பைக்குள் எட்டு வித்துகள் வரிசையாக நிற்க, நிற வேறுபாட்டை வைத்துக் குறுக்கேற்றத்தை (குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதை) எண்ணுவோமே, அதே பூஞ்சைதான். லாம்ப், சலீம், நேவோ முதலியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், வெயில் சரிவிலிருந்து பிரித்த வகைகளில் திடீர்மாற்றங்கள் நிழல் சரிவு வகைகளைவிட அதிகமாக இருந்தன. ஆய்வகத்தில் ஒரே நிலைமையில் வளர்த்த பிறகும் அந்த வேறுபாடு போகவில்லை, அது மரபுவழி வருவது. 2001-இல் அதே குழுவினர் குறுக்கேற்ற விகிதங்களும் வேறுபடுவதைக் காட்டினார்கள். கடுமையான சூழல் மரபணுக்களை மட்டுமல்ல, அவை மாறும் வேகத்தையே மாற்றியிருக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது.

இரண்டாவது, ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். ஊறுகாய் ஜாடியிலும் வெங்காயத் தோலிலும் கரும்பொடியாகத் தெரிகிறதே, அந்தக் குடும்பம். 2008-இல் சிங்காரவேலன் முதல் ஆசிரியராக வெளிவந்த ஆய்வு, வெயில் சரிவு வகைகளின் கொனிடியாக்களில் (பாலிலா வித்துகளில்) மெலனின் சுமார் மூன்று மடங்கு இருப்பதை அளந்து சொன்னது. மெலனின் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும் நிறமி. நம் தோலிலும் அதுதான் இந்த வேலையைச் செய்கிறது.

கவனியுங்கள், இந்த இரண்டு முடிவுகளும் வளர்ப்புகளிலிருந்து வந்தவை. மண்ணின் டிஎன்ஏவை எவ்வளவு ஆழமாகப் படித்தாலும் திடீர்மாற்ற விகிதமோ ஒரு கொனிடியாவில் உள்ள மெலனின் அளவோ தெரியாது. இரு இடத்துப் பூஞ்சைகளையும் ஒரே தட்டில், ஒரே வெப்பத்தில் வளர்த்துப் பார்க்கும்போதுதான் எது மரபுவழி வந்தது, எது சூழலுக்கேற்ப அப்போதைக்கு மாறிக்கொண்டது என்று பிரிகிறது.

இந்தப் பள்ளத்தாக்கு ஆய்வுகளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒரு பள்ளத்தாக்கில் நூறு மாதிரி எடுத்தாலும் சூழல் வேறுபாட்டுக்கு அது ஒரே ஒரு சோதனைதான். நேவோவின் குழு பிறகு வேறு பள்ளத்தாக்குகளுக்கும் போனது இதை உணர்ந்துதான் இருக்க வேண்டும். முதல் பள்ளத்தாக்கின் பழ ஈக்களில் சரிவுக்குச் சரிவு மரபு வேறுபாடு இருப்பதாகச் சொல்லப்பட்டபோது, 2002-இல் வேறொரு குழு மைக்ரோசாட்டிலைட் குறிகளை (திரும்பத் திரும்ப வரும் குறுகிய டிஎன்ஏ துண்டுகளை) வைத்துச் சோதித்து அப்படி ஒன்றைக் காணவில்லை. ஆகவே இடம் தேர்வு செய்பவர்கள் ஒரே ஜோடியோடு நிற்க வேண்டாம். தனித்தனிக் குன்றுகளில் நாலைந்து ஜோடிகளாவது வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் மாதிரி குறைந்தாலும் பரவாயில்லை, ஜோடிகள் குறையக் கூடாது.

மெட்டாபார்கோடிங் தருவதும் தராததும்

மண்ணிலிருந்து மொத்த டிஎன்ஏவை எடுத்து, ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையில் வரும் ஐடிஎஸ் என்ற பகுதியைப் பெருக்கி, லட்சக்கணக்கான துண்டுகளை ஒரே நேரத்தில் படித்துவிடுவது இந்த முறை. 2012-இல் பூஞ்சைகளுக்கான பொது அடையாளக் குறியாக ஐடிஎஸ் முறைப்படி ஏற்கப்பட்டது. அதற்கு வெகு முன்பே, 1990-இல் வெளியான பிரைமர்களால் (பெருக்க வேண்டிய பகுதியைப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளால்) அது உலகமெங்கும் பழக்கத்துக்கு வந்திருந்தது.

இந்த முறையின் வீச்சை மறுக்கவே முடியாது. எஸ்டோனியாவின் லேஹோ டெடர்சூ தலைமையில் 2014-இல் வந்த ஆய்வு உலகின் 365 இடங்களின் மண்ணைப் படித்தது. பூஞ்சைப் பன்மையைத் தீர்மானிப்பதில் தட்பவெப்பத்துக்கு முதலிடம் என்று அது காட்டியது. துருவங்களை நோக்கிப் போகும்போது தாவரப் பன்மை குறையும் வேகத்தில் பூஞ்சைப் பன்மை குறைவதில்லை. மர வேர்களை உறையாகச் சூழும் வெளிவேர்ப் பூஞ்சைகளோ வெப்பமண்டலத்தில் உச்சம் தொடாமல் மித, குளிர் மண்டலக் காடுகளில் உச்சம் தொடுகின்றன. தட்டில் வளர்க்கும் முறையால் இதையெல்லாம் கனவிலும் காண முடியாது. மண்ணில் வாழும் பூஞ்சைகளில் பெரும்பகுதி தட்டில் வளர்வதே இல்லை. வேருக்குள் வாழும் ஆர்பஸ்குலர் மைக்கோரைசா பூஞ்சைகளுக்கு உயிருள்ள வேர் வேண்டும், தட்டில் ஊற்றும் அகர் கூழ் மட்டும் போதாது.

சரி, குறைகள்? ஐடிஎஸ் பெரும்பாலும் சிற்றினங்களைப் பிரிக்கும், ஒரு சிற்றினத்துக்குள் அதிகம் மாறாது. ஆகவே பட்டியலில் வரும் தனித்தனி வரிசைகளை எண்ணி 'மரபுப் பன்மை' என்று எழுதுவது பொருந்தாது. சில முக்கியப் பேரினங்களில் சிற்றினத்தைக்கூட அது சரியாகப் பிரிப்பதில்லை. கறுப்பு ஆஸ்பெர்ஜில்லஸ்களுக்குக் கால்மாடுலின் மரபணு வேண்டும். ஃபியூசேரியத்துக்கும் ட்ரைக்கோடெர்மாவுக்கும் டிஇஎஃப்1 என்ற மரபணு வேண்டும்.

அளவு பற்றியும் எச்சரிக்கை தேவை. ரைபோசோம் மரபணுத் தொகுப்பு ஒரு பூஞ்சையில் எத்தனை பிரதிகள் இருக்கும் என்று ஜீனோம்களிலிருந்து கணித்தபோது 14 முதல் 1,442 வரை வந்தது. அதாவது ஒரே எண்ணிக்கையில் இருக்கும் இரண்டு பூஞ்சைகளில் ஒன்று நூறு மடங்கு அதிகமாகத் தெரியக்கூடும். படித்த துண்டுகளின் எண்ணிக்கையை வைத்து 'இது அதிகம், அது குறைவு' என்று வரைபடம் போடும்போது கை கொஞ்சம் தயங்க வேண்டும்.

இறந்த டிஎன்ஏவும் இருக்கிறது. 2016-இல் வந்த ஓர் ஆய்வு, மண்ணில் எடுக்கும் நுண்ணுயிர் டிஎன்ஏவில் சராசரியாக 40 சதவீதம் செல்லுக்கு வெளியே கிடப்பதோ சிதைந்த செல்களுக்குச் சொந்தமானதோ என்று மதிப்பிட்டது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் ஆள் ஊரில் இருக்கிறார் என்று ஆகாதல்லவா? இரண்டு மாறுபட்ட சூழல்களை ஒப்பிடும்போது இந்தச் சிக்கல் இன்னும் கூடும். டிஎன்ஏ சிதையும் வேகம் ஈர மண்ணிலும் வறண்ட மண்ணிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கறுத்த, மக்கு நிறைந்த மண்ணில் மக்கிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும். ஒரு சூழலின் மண் கறுப்பு, மற்றொன்று வெளிர் மணல் என்றால், முறையாலேயே வேறுபாடு உண்டாகிவிடலாம். மண் எடுக்காமல் செய்யும் வெற்று மாதிரிகளையும் கூடவே அனுப்புங்கள். செலவுக்குப் பயந்து இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள், வெட்டவே கூடாதது இதுதான்.

வளர்ப்பின் பக்கம்

வளர்ப்பு முறையிலும் சாய்வு உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. மண்ணை நீரில் கரைத்து நீர்த்து ஊற்றினால், ஏராளமாக வித்து விடும் பெனிசிலியமும் ஆஸ்பெர்ஜில்லஸும் தட்டை நிறைத்துவிடும். மண்ணில் இழைகளாகவே ஓடும் பூஞ்சைகள் பின்தங்கிவிடும். 1950-இல் வார்கப் சொன்ன மண் தட்டு முறையில் கொஞ்சம் மண்ணையே தட்டில் வைத்து மேலே அகர் ஊற்றுகிறோம், இழைகளுக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. ரோஸ் பெங்கால் சேர்த்தால் வேகமாகப் படரும் பூஞ்சைகள் அடங்கும். குளோராம்ஃபெனிகால் சேர்த்தால் பாக்டீரியா அடங்கும். இவையெல்லாம் ஒரு சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் முடிகிற வேலைகள்.

ஆனால் நீங்கள் ஒரு சிற்றினத்தைத்தான் ஆராயப் போகிறீர்கள் என்றால் இந்தச் சாய்வு பெரிய குறையே அல்ல. அந்தச் சிற்றினம் இரு சூழலிலும் போதுமான அளவு கிடைத்தால் போதும். ஒவ்வொரு வளர்ப்பையும் ஒற்றை வித்திலிருந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தனியன்கள் கலந்து கிடக்கும், பின்னால் வரும் கணக்கெல்லாம் தவறாகும். ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்றவை ஒற்றைமயமானவை, அதாவது குரோமோசோம் தொகுதி ஒன்றுதான். ஒரு மரபணுவிடத்தில் ஒரே வடிவம்தான் இருக்கும் என்பதால் வரிசையைப் படிப்பதும் தொகுப்பதும் சுலபம்.

குளோன்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாலிலா வித்துகளால் பெருகும் பூஞ்சையில் நீங்கள் பிரித்த பத்து வளர்ப்புகளும் ஒரே தனியனின் நகல்களாக இருக்கலாம். அமெரிக்காவின் மிச்சிகன் காட்டில் 1992-இல் விவரிக்கப்பட்ட ஆர்மில்லேரியா பூஞ்சை 15 ஹெக்டேர் பரப்பில் ஒரே தனியன். 2018-இல் மறுபடி அளந்தபோது 37 ஹெக்டேர், வயது சுமார் 2,500 ஆண்டுகள் என்று மதிப்பிட்டார்கள். அந்தக் காட்டில் நடந்து நடந்து மாதிரி எடுத்தாலும் கிடைப்பது ஒன்றுதான்! எனவே மாதிரிப் புள்ளிகளுக்கு இடையே நல்ல இடைவெளி விடுங்கள். நகல்களை நீக்கிய கணக்கு, நீக்காத கணக்கு இரண்டையும் தாருங்கள்.

மரபுக் குறிகளைப் பொறுத்தவரை, தற்செயல் பிரைமர்களால் டிஎன்ஏவைப் பெருக்கி, வரும் பட்டைகளை ஒப்பிடும் ஆர்ஏபிடி முறையை இனி விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. செலவு குறைவு என்பதால் கல்லூரிகளில் இன்னும் ஓடுகிறது. ஆனால் இன்று வந்த பட்டை நாளை வராது, வேறு ஆய்வகத்தில் கேட்கவே வேண்டாம். அந்தப் பணத்தில் மூன்று நான்கு மரபணுக்களை, ஒவ்வொரு துண்டாக எழுத்தெழுத்தாகப் படிக்கும் சேங்கர் முறையில் படியுங்கள். அந்த வரிசைகள் பொதுத் தரவகத்தில் ஏறும், பத்தாண்டு கழித்து வருபவரும் அவற்றோடு தம்முடையதை ஒப்பிட முடியும்.

முழு ஜீனோம் இதன் அடுத்த படி. பூஞ்சை ஜீனோம் சிறியது. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரில் சுமார் 3.4 கோடி எழுத்துகள், மனிதரில் சுமார் 300 கோடி. ஆகவே செலவு நினைக்கும் அளவுக்கு மலை அல்ல. கலிஃபோர்னியாவில் பைன் வேர்களோடு வாழும் சுயில்லஸ் பிரெவிபஸ் காளானின் கடற்கரைக் கூட்டத்தையும் மலைக் கூட்டத்தையும் 28 ஜீனோம்களை வைத்து ஒப்பிட்ட 2015 ஆய்வில், உப்பைச் சமாளிப்பதோடு தொடர்புள்ள ஒரு மரபணுப் பகுதி தனித்துத் தெரிந்தது. கடற்கரை என்றால் உப்பு, பொருந்துகிறது. நியூரோஸ்போரா கிராசாவில் லூசியானா, கரீபியன் என்ற இரு இடத்துக் கூட்டங்களை ஒப்பிட்ட 2011 ஆய்வு, குளிருக்கு எதிர்வினை காட்டும் மரபணுக்களைச் சுட்டியது. அதோடு நிற்காமல் குறைந்த வெப்பத்தில் வளர்த்தும் பார்த்தார்கள், வடக்கே இருக்கும் லூசியானா வகைகள் நன்றாக வளர்ந்தன. எனக்கு இந்த ஆய்வு மேல் மதிப்பு அதிகம், காரணம் அந்தக் கடைசிப் படிதான். ஜீனோம் ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது, தட்டு அதைச் சோதித்தது.

நம் ஊரில் எங்கே, எதை

தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற இடம் தேடினால் எனக்கு முதலில் தோன்றுவது நீலகிரியின் சோலையும் புல்வெளியும். சில அடிகள் நடந்தால் காடு முடிந்து புல் தொடங்குகிறது. பாறையும் மழையும் ஒன்றே. ஆனால் புல்வெளியில் நேரடி வெயில், மலை உயரத்துக்குரிய புற ஊதாக் கதிர், பனிக்கால இரவுகளில் உறைபனி. சோலைக்குள் நிழல், ஈரம், உறைபனி இறங்காத தரை. சதுப்புப் பள்ளங்களில் படிந்த பழைய மக்கு மண்ணின் கார்பன் ஐசோடோப்புகளைப் படித்த 1993 ஆய்வின்படி, கடந்த 20,000 ஆண்டுகளில் காலநிலை மாற மாறப் புல்லும் காடும் விரிந்து சுருங்கி வந்திருக்கின்றன. பரிணாமத்துக்கு வேண்டிய காலம் அங்கே இருந்திருக்கிறது. கார்மேல் சரிவுகளிலிருந்து ஒரு வேறுபாடு உண்டு. இங்கே மண்ணையே தாவரங்கள் மாற்றியிருக்கின்றன, அதனால் கார அமிலநிலை, கரிமம், ஈரம் மூன்றையும் ஒவ்வொரு புள்ளியிலும் அளந்தாக வேண்டும். வாட்டில் மரம் புகுந்த புல்வெளிகளைத் தவிர்க்க வேண்டும். காப்புக்காட்டு மண்ணுக்கு வனத்துறை அனுமதி தேவை, அது வர மாதங்கள் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

எந்தப் பூஞ்சை? கார்மேலில் நடந்தது என்பதற்காக ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரை நீலகிரியில் தேட வேண்டாம். ஆஸ்பெர்ஜில்லஸ் பொதுவாகச் சூடான மண்ணில் செழிக்கும். குளிர்ந்த மண்ணில் பெனிசிலியம்தான் ஓங்கும். ட்ரைக்கோடெர்மாவும் நல்ல தேர்வு. தேரிக்காட்டையும் அதையொட்டிய நன்செய் ஓரங்களையும் ஒப்பிடுபவர்களுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் பொருந்தும். முதலில் ஒரு சிறு முன்னோட்டம் செய்து, இரு பக்கமும் நிறையக் கிடைப்பது எது என்று பார்த்த பிறகு சிற்றினத்தை முடிவு செய்யுங்கள்.

ஆறு மாத முதுகலை ஆய்வேட்டுக்கு வளர்ப்பு, ஒற்றை வித்துப் பிரிப்பு, இரண்டு மரபணுக்கள், இரண்டு வெப்பநிலைகளில் வளர்ச்சி அளவீடு, இவ்வளவு போதும். மெட்டாபார்கோடிங் தொகுப்பை வெளியாரிடம் அனுப்பி வரைபடங்களாகத் திரும்பப் பெறும் ஆய்வைவிட, மாணவர் கற்றுக்கொள்வது இதில் பல மடங்கு. முனைவர் பட்டத்துக்கு அதே மண்ணின் ஒரு பகுதியை மைனஸ் 80 டிகிரியில் வைத்து, பிறகு மெட்டாபார்கோடிங்கும் செய்யலாம். சமுதாயம் எப்படி மாறுகிறது, அதற்குள் உங்கள் சிற்றினம் எங்கே நிற்கிறது என்று இரண்டும் சேர்ந்து வரும். பணம் இருந்தால் ஒவ்வொரு சூழலிலிருந்தும் பத்துப் பதினைந்து ஜீனோம்கள் படிக்கலாம். மைக்கோரைசா பூஞ்சைகள்தான் உங்கள் ஆர்வம் என்றால் மட்டும் என் வரிசையைத் தலைகீழாக்குங்கள், அங்கே மண்ணிலிருந்தும் வேரிலிருந்தும் எடுக்கும் டிஎன்ஏதான் முதல் வழி. பரப்பும் பன்மையும் காப்புத் திட்டத்துக்காகத் தேவைப்படும்போதும் அப்படித்தான்.

எந்த வழியானாலும், பிரித்த வளர்ப்புகளைச் சாய்வாக உறையவிட்ட அகர் குழாய்களில் குளிர்பெட்டியோடு விட்டுவிடாதீர்கள். ஆய்வு முடிந்ததும் அவை கைவிடப்பட்டுச் சாவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. சண்டிகரின் எம்டிசிசி என்ற நுண்ணுயிர் வளர்ப்புச் சேகரம், புனேயில் அகர்கர் ஆய்வு நிறுவனத்திலுள்ள தேசியப் பூஞ்சை வளர்ப்புச் சேகரம் போன்றவற்றில் சேர்த்து, எண் வாங்கி, அதைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள். வெளிநாட்டு ஆய்வகத்தோடு கூட்டு என்றால் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் பொருந்தும். தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது, வளர்ப்பை அனுப்பும் முன் அங்கே கேட்டு என்ன அனுமதி வேண்டும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.